வயிற்றோடு நிற்காத மாத்திரை

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. பிரஷர் மாத்திரை மட்டுந்தான்."

பத்து நாளாகவே அவருக்குச் சாப்பிட்டால் வயிறு கல்லாகக் கனத்தது, எதுக்களித்தது, காலையில் எழுந்தால் குமட்டியது. துணைக்கு நான் போயிருந்தேன். "கேஸ்தான், நல்ல மாத்திரையா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று நோயையும் வைத்தியத்தையும் பெரியம்மாவே சொல்லி முடித்துவிட்டார். டாக்டர் பேனாவைத் தொடவில்லை. பெரியம்மாவின் மடியில் இருந்த மஞ்சப்பையைப் பார்த்து, "அதுல என்னம்மா வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் மேசையில கொட்டுங்க" என்றார்.

கொட்டினோம். பிரஷர் மாத்திரை வந்தது. அதோடு சேர்த்துப் போடும் நீர் மாத்திரை வந்தது. மூடி தொலைந்த கால்சியம் டப்பா வந்தது. இடுப்பில் வந்த படர்தாமரைக்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த இட்ரகோனசோல் கேப்ஸ்யூல் வந்தது. கடைசியாக, கத்தரிக்கோலால் வெட்டிய ஓர் அட்டைத் துண்டு. பத்து கேப்ஸ்யூல் அட்டையில் நான்கை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். வெட்டியதில் மருந்தின் பெயர் பாதியும் காலாவதித் தேதி முழுவதும் போய்விட்டன. நான்கு குழிகளில் இரண்டு காலி. "அது பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. அவங்களுக்கும் இதே கேஸ்தான். ரெண்டு போட்டேன், தேவலை" என்றார் பெரியம்மா. டாக்டர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் சாய்த்து, மிச்சமிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும், குமட்டலை நிறுத்தும் டொம்பெரிடோனும் ஒரே உறையில் இருக்கும் கேப்ஸ்யூல் அது.

அடுத்து அவர் எழுதியது மாத்திரை இல்லை. ஒரு ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம் அளவு. பெரியம்மாவுக்குக் கோபம். "வயித்துக் கோளாறுன்னு வந்தா நெஞ்சுல ஒயர் மாட்டுறாங்களே" என்று வராந்தாவில் என்னிடம் முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வயிற்றுக்காகவே செய்யப்பட்ட இன்னொரு மருந்தின் கதைக்குப் போக வேண்டும்.

*

1993இல் அமெரிக்காவில் சிஸாப்ரைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இரவில் வரும் நெஞ்செரிச்சலுக்கான மருந்து. உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் தசை அசைவைத் தூண்டி, உணவைக் கீழ்நோக்கி நகர்த்தும். அமிலம் மேலே ஏறுவதை இப்படித் தடுப்பது அழகான யோசனை. மருத்துவர்கள் விரும்பி எழுதினார்கள். உப்புசத்துக்கும் எழுதினார்கள், பால் கக்கும் குழந்தைகளுக்கும் எழுதினார்கள்.

பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்ற அறிக்கைகள் வரத் தொடங்கின. 1999 டிசம்பர் முடிவதற்குள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் அப்படி 341 அறிக்கைகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 80 பேர் இறந்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலையில் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையைவிட்டு வெளியேறியது. இந்தியா அதை 2011இல் தடை செய்தது.

நெஞ்செரிச்சல் மருந்து இதயத்தை எப்படித் தொட்டது? விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைகிறது என்பது உண்மைதான். ஆனால் வேலை முடிந்ததும் அது அங்கேயே அடங்கிவிடுவதில்லை. குடல் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது, கல்லீரலைக் கடக்கிறது, ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. எந்த உறுப்பில் தனக்குப் பொருந்தும் பூட்டு இருக்கிறதோ அதையெல்லாம் திறந்தோ அடைத்தோ பார்க்கிறது. 'வயிற்று மருந்து' என்பது நாம் வைத்த பெயர்.

இதயத்தில் சிஸாப்ரைடுக்குப் பொருந்திய பூட்டின் பெயர் ஹெர்க். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் செல்கள் அடுத்த துடிப்புக்காக மின்னூட்டத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதால்தான் அது நடக்கிறது. அவை வெளியேறும் வாசல்களில் முக்கியமான ஒன்று இந்த ஹெர்க். இந்த வாசல் குடும்பத்துக்குப் பெயர் கிடைத்தது ஒரு பழ ஈயால். 1960களில் கலிபோர்னியாவில் வில்லியம் கப்லன் என்ற ஆய்வாளர் ஈதர் மயக்கத்தில் கால்களை உதறி ஆடும் ஈக்களைக் கண்டார். அக்காலத்து 'கோ-கோ' நடனம் நினைவுக்கு வர, அந்த மரபணுவுக்கு 'ஈதர் அ கோ-கோ' என்று பெயர் விழுந்தது. மனித உடலில் அதன் உறவுக்கார மரபணு பின்னால் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தப் பெயரின் சுருக்கம்தான் ஹெர்க் ஆனது.

இந்த வாசலுக்குள் ஓர் உட்கூடம் இருக்கிறது. அதன் சுவரில் இருக்கும் சில அமினோ அமிலங்கள் வளைய வடிவம் கொண்டவை. வளையங்கள் கொண்ட மருந்து மூலக்கூறுகள் உள்ளே நுழைந்தால் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. வாசல் அடைபடும். பொட்டாசியம் மெதுவாக வெளியேறும். இதயத்தின் மீட்சி தாமதமாகும்.

அந்தத் தாமதத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஈசிஜி தாளில் குறுக்கே ஒரு சிறு கட்டம் என்பது 0.04 வினாடி. துடிப்பின் கூர்மையான ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து, அதற்கடுத்து வரும் சாய்ந்த மேடு முடியும் இடம் வரை எண்ணினால் சாதாரணமாகப் பத்துக் கட்டம் வரும். இதைத்தான் க்யூ-டி இடைவெளி என்கிறார்கள். நாடியின் வேகத்துக்கு ஏற்ப அதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டு 0.5 வினாடியைத் தாண்டினால் மருத்துவர்கள் பதறுவார்கள். முந்தைய மேடு இறங்குவதற்குள் அடுத்த துடிப்பு அதன் மேல் ஏறிவிட்டால், ஈசிஜி கோடு கயிறு முறுக்குவதுபோலச் சுழலத் தொடங்கும். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா தெசர்த்தென் இதை முதலில் விவரித்து, 'புள்ளிகளின் முறுக்கு' என்ற பொருளில் 'தோர்சாத் த புவான்த்' என்று பெயரிட்டார். அந்த நேரத்தில் இதயம் ரத்தத்தை ஒழுங்காக வெளியேற்றாது. நோயாளி மயங்கி விழுவார். சில சமயம் தானாகச் சரியாகும். சில சமயம் ஆகாது.

*

சிஸாப்ரைட் சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. நடந்தவர்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருந்தது: இதய நோய், பொட்டாசியம் குறைவு, அல்லது கூடவே சாப்பிட்ட இன்னொரு மருந்து. இந்தக் கடைசி விஷயத்தில்தான் சற்று நிற்க வேண்டும்.

கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிப் 3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. நாம் சாப்பிடும் மருந்துகளில் பெரும் பங்கை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. சிஸாப்ரைடையும் அதுதான் உடைத்தது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், கீட்டோகோனசோல், இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் இந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். வரத்து அப்படியே இருக்க, மடை மட்டும் அடைத்துக்கொண்டால் ஏரி என்ன ஆகும்? அன்றாட அளவு மாத்திரையே பலமடங்கு மாத்திரைபோல ரத்தத்தில் தேங்கும். மேலைநாட்டுக் கிரேப்ஃப்ரூட் சாறும் குடல் சுவரில் இருக்கும் இந்த நொதியை முடக்கும். நம்மூர் பம்பளிமாஸ் அந்தப் பழத்தின் தாய்வழி. இதே குணமுள்ள பொருள்கள் அதிலும் உண்டு.

இது தெரியாமல் நடந்த விபத்தா என்றால், இல்லை. அதுதான் சிஸாப்ரைட் கதையில் என்னை உறங்கவிடாத பகுதி. எச்சரிக்கை இருந்தது. மருந்துத் தாளில் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். 1998 ஜூனில் கறுப்புக் கட்டத்துக்குள் இன்னும் கடுமையாக அச்சிட்டு, மருத்துவர்களுக்குக் கடிதமும் அனுப்பினார்கள். அதனால் என்ன மாறியது என்று ஆய்வாளர்கள் மூன்று இடங்களின் மருத்துவப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து, 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். கடிதத்துக்கு முந்தைய ஆண்டில், கொடுக்கவே கூடாதவர்களுக்கு இந்த மருந்து கொடுக்கப்பட்ட விகிதம் அந்த மூன்று இடங்களிலும் முறையே 26, 30, 60 சதவீதம். கடிதத்துக்கு அடுத்த ஆண்டில் 24, 28, 58 சதவீதம்.

இரண்டே சதவீதம். மருத்துவர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்று மருத்துவர் ஒரு சீட்டில் சிஸாப்ரைட் எழுதுகிறார். இரண்டு வாரம் கழித்துத் தொண்டை வலிக்கு வேறொரு மருத்துவர் இன்னொரு சீட்டில் எரித்ரோமைசின் எழுதுகிறார். இரண்டு சீட்டும் தனித்தனியாகச் சரி. அவை ஒன்றுசேரும் இடம் ஒன்றே ஒன்றுதான், நோயாளியின் உடம்பு. அங்கே இருப்பவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கனடாவின் ஓக்வில் நகரத்தில் வெனஸ்ஸா யங் என்ற 15 வயதுப் பெண்ணுக்குச் சாப்பிட்டதும் உப்புசமும் வாந்தியும் இருந்தது. சிஸாப்ரைட் கொடுத்தார்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பவரின் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்; பொட்டாசியம் குறைந்தால் ஹெர்க் வாசல் இன்னும் எளிதாக அடைபடும். வாந்திக்குக் கொடுக்கும் மருந்து யாருக்கு மிக ஆபத்து என்றால், அதிகம் வாந்தி எடுப்பவருக்கு. 2000 மார்ச் 18 அன்று வெனஸ்ஸா வீட்டில் மயங்கி விழுந்தாள். மறுநாள் இறந்தாள். அந்த மருந்தை நிறுத்தப்போவதாக அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது அதே வாரத்தில்தான். அவளுடைய தந்தை டெரன்ஸ் யங் பிற்பாடு கனடா நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆபத்தான மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி அரசே உத்தரவிடும் அதிகாரம் 2014இல் சட்டமானது. அதற்கு வெனஸ்ஸா சட்டம் என்று பெயர்.

*

பக்கத்து வீட்டு அட்டைத் துண்டில் இருந்த டொம்பெரிடோனுக்கு வருவோம். சிஸாப்ரைடைப் போலவே அதுவும் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்தில், 1970களில் பிறந்தது. அதன் சிறப்பு, மூளைக்குள் அவ்வளவாக நுழையாது என்பது. குமட்டலைத் தூண்டும் மையம் மூளையின் ரத்தத் தடுப்பு வேலிக்கு வெளியே இருப்பதால், உள்ளே போகாமலே அதை அமைதிப்படுத்தும். ஆனால் அதுவும் ஹெர்க் வாசலில் ஒட்டும், அதையும் உடைப்பது சிப் 3ஏ4தான். 1980களின் நடுவில், புற்றுநோய் சிகிச்சையின் வாந்திக்காக நரம்பில் அதிக அளவு ஏற்றியபோது இதயம் நின்ற சம்பவங்கள் நடந்து, ஊசி வடிவம் கைவிடப்பட்டது. கீட்டோகோனசோல் அல்லது எரித்ரோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் டொம்பெரிடோன் அளவு சுமார் மூன்று மடங்காகிறது என்று சோதனைகள் காட்டின. அமெரிக்கா இதற்கு அனுமதியே கொடுக்கவில்லை.

ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் கடிவாளம் போட்டது: குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் எழுதுவதை நிறுத்தச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. நம் மருந்துக் கடைகளில் 'கேஸ் கேப்ஸ்யூல்' என்று கேட்டால் கைக்கு வருவதில் பல, ஒரே உறையில் 30 மில்லிகிராம் டொம்பெரிடோன் கொண்டவை. மாதக்கணக்கில் காலையில் காப்பிக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். நல்ல உடம்புள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாமலிருக்கலாம். ஆனால் அந்த அட்டையைப் பார்த்து, போடுபவரின் இதயம் எப்படி, பொட்டாசியம் எவ்வளவு, அவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அந்த விவரங்கள் அட்டையில் இல்லை, ஆளிடம்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்பது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய செய்தி மட்டுமே.

டொம்பெரிடோனுக்கு மூத்த மருந்து மெட்டோகுளோப்ரமைட். 1960களில் பிரான்சில், புரோக்கெய்னமைட் என்ற இதயத் துடிப்பு மருந்தின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோது கிடைத்தது அது. இதயத்துக்கும் வயிற்றுக்கும் நாம் போடும் வரப்பை மூலக்கூறுகள் மதிப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இது மூளைக்குள் நுழையும். வாந்திக்கு இந்த ஊசியோ மாத்திரையோ கொடுத்த ஓரிரு நாளில், சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். விழி மேலே செருகி நிலைகுத்தும். தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். வீட்டார் வலிப்பு என்று நினைப்பார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. மருத்துவமனையில் ஒரு மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் சரியாகிவிடும். அதற்கு, "நேத்து வாந்திக்கு மருந்து குடுத்தாங்க" என்ற ஒரே வாக்கியத்தை யாராவது சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் வரும் முக அசைவுக் கோளாறு அப்படி எளிதில் போகாது. 2009இல் அமெரிக்கா 12 வாரத்துக்கு மேல் வேண்டாமென்று கறுப்புக் கட்டத்தில் எச்சரித்தது. ஐரோப்பா 2013இல் அதை ஐந்தே நாளாகச் சுருக்கியது. பார்க்கின்சன் நோய், வலிப்பு உள்ளவர்கள் முதல் வாயிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் வகையறாக்கள் இவற்றைவிடச் சாது. ஆனாலும் நீண்ட காலம் சாப்பிட்டால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைகிறது. மெக்னீசியம் குறைவும் அதே முறுக்கு அலைக்குத்தான் வழி திறக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் ஒமிபிரசோலைச் சேர்த்துக்கொண்டால் அந்த மருந்தின் பலன் குறையலாம். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் கருவைக் கலைத்துவிடும், அதனால்தான் "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கூசவோ சினக்கவோ வேண்டியதில்லை.

கேட்காமலே சொல்ல வேண்டியவையும் உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போவது, காரணமில்லாமல் உடல் இளைப்பது, சோறு தொண்டையில் சிக்குவது. இவை இருக்கும்போது அமிலத்தை மட்டும் அடக்கினால், வலி தணிந்து நோய் ஒளிந்துகொள்ளும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நடக்கும்போது கூடும் 'நெஞ்செரிச்சல்', வியர்வையோடு வரும் 'கேஸ்', தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் 'வாய்வு' ஆகியவை மாரடைப்பாக இருக்கலாம். அப்போது சோடாவும் வேண்டாம், கேப்ஸ்யூலும் வேண்டாம், ஆம்புலன்சுக்கு 108.

*

பெரியம்மாவின் ஈசிஜியில் மாரடைப்பு இல்லை. நாடிக்கு ஏற்பக் கணக்கிட்ட க்யூ-டி இடைவெளி 0.46 வினாடி, பெண்களுக்கு அது எல்லைக்கோடு. பொட்டாசியம் 3.3, இருக்க வேண்டியது 3.5க்கு மேல். நீர் மாத்திரையின் வேலை. டாக்டர் அந்த அட்டைத் துண்டைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

"இது உங்களுக்கு வேண்டாம்மா. படர்தாமரைக்குப் போடுற கேப்ஸ்யூல் இதை உடம்புல தங்க வச்சிடும். அதுமட்டுமில்ல, அந்தக் கேப்ஸ்யூல் ரத்தத்துல ஏற வயித்துல அமிலம் வேணும். இதுல இருக்கிற இன்னொரு மருந்து அமிலத்தைக் குறைச்சிடும். அப்புறம் படர்தாமரையும் போகாது."

பெரியம்மா சற்று நேரம் மேசையையே பார்த்தார். பிறகு, ஒரு வழி கிடைத்தவர்போல, "அந்தப் படர்தாமரை மருந்து முடிஞ்சுபோச்சு டாக்டரம்மா. இது மிச்சம் கிடந்தது, அவ்வளவுதான். இப்பப் போடுறதில்ல" என்றார்.

"என்னைக்கு நிறுத்துனீங்க?"

"செவ்வாக்கிழமை."

அன்று வெள்ளிக்கிழமை. இட்ரகோனசோல் ரத்தத்தைவிட்டு நீங்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். டாக்டர் மேசை நாட்காட்டியில் விரலால் எண்ணினார். வயிற்றுக்கு அப்போதைக்குக் கொடுத்தது ஆகார யோசனைகளும், பொட்டாசியத்தைச் சரிசெய்ய ஒரு சிரப்பும்தான். மறுவாரம் மீண்டும் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, என்னை எழுதச் சொன்னார். மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. நான் எழுதி முடித்து மடிக்கப்போனபோது, தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நிறுத்துனதையும் எழுதுடா. செவ்வாக்கிழமைன்னு போடு."